ஸ்வீடன்காரரை உயிரோடு வைத்திருந்த அரக்கு சார்

திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஸ்வீடன் தேசத்து எழுத்தாளர் ஒருவரை, அவர் செத்துப்போன பிறகும் வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் அரக்கு சார். இது நான் சொல்வதல்ல, அவரே சொல்லிக்கொண்டது. ஆபீஸில் சொல்வார், ஆஸ்பத்திரி வரிசையில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வார். பக்கத்து சீட்டுக்காரர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளம் வாங்குகிற அன்றைக்கு மட்டும் அதை உபயோகிப்பார். பணமும் முத்திரைத்தாளும் பூட்டி வைக்கிற ஓர் அரசாங்க ஆபீஸில் நாங்கள் வேலை பார்த்தோம். சாயங்காலமானால் ஸ்ட்ராங் ரூமைப் பூட்டி, பூட்டின் மேல் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையை அழுத்துவது அவர் பொறுப்பு. அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக்கூடாது, தும்மக்கூடாது, ஃபேன் ஓடக்கூடாது.

“பூட்டைத் திறந்துட்டு மறுபடியும் பூட்டிரலாம், யாருக்கும் தெரியாது. அரக்கு அப்படி இல்லே, கேட்டியா? ஒருக்கா ஒடஞ்சா ஒடஞ்சதாக்கும்” என்பார்.

ஆபீஸில் பழகிய கை சும்மா இருக்குமா? சாலைக் கடைத்தெருவில் சொந்தக் காசுக்கு அரக்குக் குச்சி வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் சீல் வைக்க ஆரம்பித்தார். மேஜை இழுப்பறைக்கு சீல். குடைக்கு சீல். மழை வந்ததும் குடையின் சீலை உடைக்க மனசு வராமல் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போவார். சாப்பாட்டு டப்பாவுக்கும் சீல் உண்டு. மத்தியானம் அதைத் திறப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரை கலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளே இருப்பது தயிர் சாதமும் மாங்காய்த் துண்டும்.

நான் பொன்முடி தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன். பரீட்சை எழுதி அந்த ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாள், என் துணிப்பையைப் பார்த்துவிட்டு, “செல்வராசே, ஒரு சின்ன சீல் வச்சுத் தரட்டா?” என்று கேட்டார். புது ஊரில் அவ்வளவு அன்பாக என்னிடம் வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. சரி என்றுவிட்டேன். அன்று பஸ்ஸுக்குக் காசு எடுக்க முடியாமல் நடந்தே லாட்ஜுக்குப் போனேன்.

ஸ்வீடன்காரர் அவர் வாழ்க்கைக்குள் வந்தது மரண அறிவிப்புகளின் வழியாக. இந்த ஊரில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிப்பவர்கள் குறைவு. போட்டோக்களோடு வருகிற மரணப் பக்கத்தைப் பார்த்து, இன்றைக்கு யார் யார் போனார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் முதலமைச்சர் என்ன சொன்னார் என்று பார்ப்பார்கள். அரக்கு சார் இந்த வழக்கத்தைப் புத்தகங்களுக்கும் நீட்டி வைத்திருந்தார். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் எழுதியவரைப் பற்றிய குறிப்புக்குப் போய், “ஆள் இருக்கானா, போயிட்டானா?” என்று பார்ப்பார். இருக்கிறார் என்றால் பாதி ஆர்வம் போய்விடும்.

பாளையத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு நாள் தடிமனான ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவலை எடுத்துக் குறிப்பைப் படித்தார். ஸ்வீடனில் ஒருவர் மூன்று நாவல்களை எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாவல் அச்சாகி வருவதற்குள் இறந்துபோனாராம். பிறகு அந்த நாவல்களை உலகமே விழுந்து விழுந்து படித்ததாம். நடைபாதையிலேயே அரக்கு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பயந்துபோய் விலையைக் குறைத்தார்.

மறுநாள் ஆபீஸுக்கு வந்தவர் எங்களிடம் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிதான் பேசினார்.

“பாவம்லே. ஒரு ஆளு படிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லி அவன் கேக்கல்லே. ஒத்த ஆளு! இப்போ விமானத்திலே படிக்கான், கப்பல்லே படிக்கான், பாளையம் பிளாட்பாரத்திலே நான் படிக்கேன். அவனுக்குத் தெரியாதே!”

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் அந்த நாவலை எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அவர் கதை சொல்கிற அழகை எப்படி எழுதிக் காட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஸ்வீடன் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது என்பதால் எல்லோருக்கும் புதுப் பெயர் வைத்தார். துப்பறிகிறவன் சோமன். பணக்கார வீட்டுப் பெண் தங்கம். சிரித்துக்கொண்டே பேசும் ஒரு வக்கீல் வருவான், அவன் பக்கத்துப் பேட்டையான கரமனைக்காரன். இவர்கள் எல்லோரும் அவர் குடியிருக்கிற வலியசாலையின் தமிழில் பேசுவார்கள். “எடே சோமா, பொணம் எங்கேடே?” என்று ஸ்வீடன் போலீஸ் கமிஷனர் கேட்கும்போது எங்கள் ஹெட் அக்கவுண்டண்டுக்கு மோர் புரையேறிவிடும்.

தாராளமாகப் பொய்யும் சேர்ப்பார். ஸ்வீடன் காட்டுக்குள் சோமன் வழி தவறியபோது ஒரு கிழவி கப்பை, அதாவது மரவள்ளிக் கிழங்கு, அவித்துக் கொடுத்து வழி சொன்னாள் என்றார். ஸ்வீடனில் ஏது கப்பை என்று சந்திரிகா சேச்சி கேட்டார். சேச்சி மலையாளி, எங்கள் ஆபீஸ் ரீடிங் கிளப்பின் செக்ரட்டரி. ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர், எதையும் சரிபார்க்காமல் விடாதவர்.

“சாரே, நான் பேஜ் பேஜாயிட்டு நோக்கியாச்சு. அதிலே கிழவியும் இல்லே, கப்பையும் இல்லே.”

“அவன் எழுத மறந்துட்டான் சந்திரிகா. இருந்திருந்தா அடுத்த பதிப்பிலே சேர்த்திருப்பான்.”

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து, கிழவி அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்டதும் சேச்சிதான்.

அந்த நாவல்களில் பனி பெய்துகொண்டே இருக்கும். வெள்ளையாகக் கொட்டிக் குவிகிற அந்தப் பனியை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை, சொல்கிற அவரும் பார்த்ததில்லை. அது அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் ஆபீஸுக்கு எதிரே இருந்த பேக்கரியில் ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார். கடைக்காரர் ஓடி வந்து, “சார், எந்த ஃப்ளேவர் வேணும்?” என்று கேட்டார். உள்ளேயிருந்து, “பேசாதே, சோமன் தடாகத்தைக் கடந்துக்கிட்டிருக்கான்” என்று பதில் வந்தது. அன்றைக்கு அவர் சொன்ன கதையில் குளிர் நிஜமாகவே இருந்தது. ஆக்குளம் காயல் முழுக்க உறைந்து கிடப்பதாகவும், அதன் மேல் சோமன் செருப்பில்லாமல் நடப்பதாகவும் சொன்னார். மார்ச் மாத வெயிலில் நாங்கள் கையைத் தேய்த்துக்கொண்டு கேட்டோம்.

ஆபீஸில் ஒரு தடவை பொன்முடிக்குச் சுற்றுலா போனோம். அவர் பஸ் புறப்பட்ட இடத்திலேயே குரங்குக் குல்லாவும் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு, வேர்வை வழிய உட்கார்ந்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகள் வந்தபோது எல்லோரும் வாந்தி எடுத்தார்கள், அவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே ஸ்வீடனைத் தேடிக்கொண்டிருந்தார். மேலே மஞ்சு மூடுபனியாக இறங்கியிருந்தது. பத்தடி தள்ளி நின்ற ஆள் தெரியவில்லை. “இதாக்கும்! இதேதான்!” என்று கத்தினார்.

எல்லோரையும் எங்கள் லைன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். அந்த நாவல்களில் எல்லோரும் எப்போது பார்த்தாலும் காபிதான் குடிப்பார்கள் என்பதால், அரக்கு சார் மரியாதையாகக் காபி கேட்டார்.

“ஏங்க சார், தேயிலைத் தோட்டத்துல வந்து காப்பி கேக்குறீங்களே, எங்க போறது நானு?” என்றாள் அம்மா.

“ஸ்வீடன்லே அப்படித்தான்மா.”

“அது நம்ம எஸ்டேட்டுல எந்த டிவிசனுங்க சார்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்துவிட்டு டம்ளரோடு வாசலில் போய் நின்றார். நான் பக்கத்தில் போனேன். மஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இப்பிடியே நடந்து போனா அவன் வீடு வந்திரும் போலே இருக்குலே. ஒரு எட்டு பாத்து, உன் கதையை எங்க ஆபீஸே கேக்குதுடான்னு சொல்லிட்டு வந்திரலாம்” என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

மற்ற நாவல்களையும் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார்; முதல் இரண்டும் முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. கதை உச்சத்துக்கு வந்துவிட்டது. தங்கத்தைக் காணவில்லை, சோமன் கோர்ட்டு வாசலில் நிற்கிறான், கரமனைக்காரன் சிரிக்கிறான். மறுநாள் அரக்கு சார் டப்பாவைத் திறந்தார், சாதத்தைப் பிசைந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். கதை வரவில்லை.

“சார், சோமன்?”

“சோமன் அங்கேயே நிக்கட்டும்.”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கடைசிப் பகுதியின் பக்கங்களைச் சேர்த்து, நூல் சுற்றி, சிவப்பு அரக்கில் முத்திரை வைத்திருந்தார். ஸ்ட்ராங் ரூமுக்குக்கூட அவ்வளவு அழகாக வைத்ததில்லை.

“உலகம் பூரா படிச்சு முடிச்சிட்டான். நான் ஒருத்தன்தான் பாக்கி. நானும் முடிச்சா அவன் நிசமாவே செத்துப் போவான். இதுக்குள்ளே அவன் இன்னும் என்னமோ சொல்லிட்டு இருக்கான்லா? சொல்லட்டும். இருக்கட்டும்.”

சாப்பாட்டு அறையில் பெரிய கலவரமே நடந்தது. ஹெட் அக்கவுண்டண்ட், இது பொதுச் சொத்து என்றார். ஒருவர் யூனியனில் சொல்லுவேன் என்றார். நானும் கெஞ்சிப் பார்த்தேன். அரக்கு சார் புத்தகத்தைப் பையில் வைத்து, பையையும் சீல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

சந்திரிகா சேச்சி விடுவாரா? எங்கிருந்தோ வேறு பிரதி வாங்கி, வார விடுமுறையில் படித்து முடித்து, திங்கட்கிழமை எங்களை மாடிப்படிக்குக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்.

“கேட்டோ? அந்தக் கரமனை வக்கீல்தான் எல்லாம் செய்தது. சோமன் கோர்ட்டிலே தெளிவு, சாட்சி எல்லாம் காணிச்சு. அவனைப் பிடிச்சு. தங்கம் ஜீவனோட உண்டு. தீர்ந்நு.”

நாங்கள் இத்தனை நாள் காத்திருந்த முடிவு அதுதான். ஆனால் முடிவு தெரிந்துவிட்டது என்ற நிம்மதி ஒருவர் முகத்திலும் இல்லை. “சரி” என்று சொல்லிவிட்டு ஹெட் அக்கவுண்டண்ட் முதலில் கீழே இறங்கினார். சேச்சிக்கே வருத்தமாகிவிட்டது. “சார் சொன்னா இங்ஙனெ சப்புன்னு இருக்காது, அல்லே?” என்று என்னிடம் கேட்டார்.

அதற்கப்புறம் அவரிடம் முடிவு பற்றிப் பேசக்கூடாது என்பது ஆபீஸில் எழுதாத சட்டமானது. புதிதாக யார் சேர்ந்தாலும் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுவோம். அதே கதை சினிமாவாக வந்து டிவியில் போட்டபோது, அவர் தெருவில் கேபிள்காரரைப் பிடித்து அந்த சேனலை மட்டும் நிறுத்தச் சொன்னவர் சந்திரிகா சேச்சி. கேபிள்காரர் மொத்தமாகவே நிறுத்திவிட, தெருவே கிரிக்கெட் பார்க்க முடியாமல் கொந்தளித்தது.

செத்தவரின் பாத்திரங்களை வைத்து வேறொருவர் நாவலைத் தொடர்ந்து எழுதுகிறார் என்ற செய்தி வந்ததும் அரக்கு சார் நேராகப் புத்தகக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் புதுப் புத்தகம் அடுக்கி வைத்திருந்தார்கள்.

“செத்தவன் எப்பிடிடே எழுதுவான்?” என்று கடையில் நின்ற இளைஞனைப் பிடித்துக்கொண்டார்.

“அது வேற ஆள் எழுதினதாணு சார். நல்லா போகுது.”

“அப்போ உங்க அப்பன் போனா, நல்லா போகும்னு வேற ஆளைக் கொண்டாந்து வீட்டிலே உக்கார வைப்பியோ?”

அந்தப் பையன் இல்லை சார் என்றான். வேறு என்ன சொல்வான்?

வீட்டில் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர் அவர் மனைவி பகவதியக்கா. வலியசாலையில் தெருவோடு ஒட்டிய நீளமான பழைய வீடு. முன்னறை அலமாரியில், விளக்குக்குப் பக்கத்தில், சீல் வைத்த புத்தகம் இருக்கும். “ஸ்வீடன்காரனுக்கு உயிர் குடுப்பாரு. கேஸ் சிலிண்டருக்கு போன் பண்ணச் சொன்னா, நாளைக்கும்பாரு” என்பாள் அக்கா.

ஒரு நாள் அவசரத்தில் அக்கா சூடான குக்கரை இறக்கி வைக்க எதையோ தேடி, அலமாரியிலிருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டாள். அரக்கு உருகி ஓடிவிட்டது. நூலும் கழன்று பக்கங்கள் விரிந்து கிடந்தன. அரக்கு சார் போட்ட கூச்சலில் நாலு வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். நான் போனபோது அவர் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, தடவித் தடவிப் பக்கங்களைச் சேர்த்து, கையிலெல்லாம் அரக்கை ஊற்றிக்கொண்டு சீல் வைத்துக்கொண்டிருந்தார். விரல் வெந்துபோனது. “ஒரு வரியாவது பாத்தியளா?” என்று அக்கா கேட்டதற்கு, “பெத்த பிள்ளை மேலே சத்தியமா பாக்கல்லே” என்றார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே விரலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டாள்.

அவர் ரிட்டயர் ஆன அன்று ஹால் நிரம்பி வழிந்தது. அன்றைக்காவது சீலை உடைப்பார் என்று எல்லோரும் நம்பியிருந்தோம். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தோம். மூன்றாவது கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவ்வளவு நன்றாக அவர் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சோமன் கோர்ட்டு வாசலுக்கு வந்து நின்றான். அரக்கு சார் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, “எல்லாருக்கும் நன்றி” என்று உட்கார்ந்துவிட்டார். ஹெட் அக்கவுண்டண்ட் போர்த்திய பொன்னாடையைத் திரும்ப வாங்கப் போனார். நாங்கள்தான் பிடித்து நிறுத்தினோம்.

அவர் ரிட்டயர் ஆகிப் போன பிறகு சாப்பாட்டு அறையில் அவரவர் மொபைலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தோம்.

சில வருஷங்கள் கழித்து பகவதியக்கா போன் செய்தாள். சாருக்குக் கண்ணில் பிரஷராம். சொல்லாமல் கொள்ளாமல் பார்வையைத் தின்றுவிட்டதாம். போய்ப் பார்த்தேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டுத் திரும்பினார், ஆனால் முகத்தை வாசல் கேட் பக்கமாக வைத்துக்கொண்டார். நான் நின்றது அந்தப் பக்கம் இல்லை.

“பேப்பர்லே இன்னைக்கு யாரு போயிருக்கா, வாசி” என்றார். மரணப் பக்கத்தை வாசித்தேன். தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டார். அப்புறம் அலமாரி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

“அவனை நான் காப்பாத்தி வச்சிருக்கேன்னு நெனச்சேன். இனி நானே ஆசைப்பட்டாலும் வாசிக்க முடியாது. வாயைப் பொத்தி வச்சா காப்பாத்துறதா, செல்வராசே? பேச விட்டிருக்கணுமோ?”

“நான் வாசிக்கட்டா சார்?” என்றேன்.

“உனக்கு இங்கிலீஷ் வருமா?”

“பரீட்சை பாஸாகித்தானே சார் வேலைக்கு வந்தேன்.”

“அது சர்க்கார் இங்கிலீஷு. இது வேற” என்றார். ஆனால் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு வடை பிய்ப்பது மாதிரி சட்டென்று உடைத்துவிட்டார்.

சனிக்கிழமை தோறும் போனேன். நான் ஆங்கிலத்தில் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “நில்லு. இப்போ பனி பெய்யுதா?” என்பார். பெய்யவில்லை என்றால் கொஞ்சம் பெய்ய விடு என்பார். குற்றவாளி யாரென்று தெரிய வேண்டிய பக்கம் வந்ததும், அவரைப் போலவே சொல்லிப் பார்க்கலாம் என்று நானும் நிறுத்தினேன்.

“என்னலே நிறுத்திட்டே? கரமனைக்காரன்தானே?”

புத்தகம் என் கையிலிருந்து நழுவியது. “சார், உங்களுக்கு...?”

“சந்திரிகா மாடிப்படியிலே ரகசியம் சொன்னா கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். அன்னைக்கே தெரியும்.”

“பின்னே ஏன் சார் இத்தனை வருஷம்?”

“என்ன நடந்ததுன்னு யாரு வேணும்னாலும் சொல்லிரலாம்லே. அவ சொன்னா, தீர்ந்து போச்சு. அவன் எப்பிடிச் சொல்லுதான்னு அவன் வாயாலே கேக்காண்டாமா? வாசி.”

வாசித்தேன். கடைசி வரி முடிந்தது. அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறம் போய், உச்சியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

“மத்தியானத்திலே என்ன குளி?” என்று அக்கா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“வேண்டப்பட்ட ஆளு ஒருத்தன் போயிட்டான்” என்றார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் முகம் தெளிந்திருந்தது. “செல்வராசே, எல்லாரையும் கூட்டு. ரிட்டயர் ஆனவங்களையும் கூட்டு. சாப்பாட்டு நேரத்துக்கு நான் ஆபீஸுக்கு வாறேன். முடிவைச் சொல்லிருதேன்” என்றார்.

நாள் குறித்தோம். சந்திரிகா சேச்சி பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். பழைய ஆட்களையெல்லாம் அவரே போனில் பிடித்தார். அரக்கு சார் தினமும் எனக்குப் போன் செய்து ஒத்திகை பார்ப்பார். கோர்ட்டு வாசலிலிருந்து முடிவு வரைக்கும் முழுக்கச் சொல்வார். ஒவ்வொரு நாளும் கதை வேறு மாதிரி இருக்கும். ஒரு நாள் நீதிபதிக்குத் தும்மல் வரும். ஒரு நாள் அந்தக் கப்பைக் கிழவி சாட்சி சொல்ல பஸ் பிடித்து வருவாள். நான் ஆபீஸ் வராந்தாவில் தனியாக நின்று சிரிப்பதைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

குறித்த நாளுக்கு முந்தின வாரம், காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கியவர் அதைக் குடிக்கவில்லை. பகவதியக்காவுக்கு என்னிடம் போனில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

கூட்டத்தை வேண்டாம் என்று சொல்லிவிட நினைத்தேன். சந்திரிகா சேச்சி சம்மதிக்கவில்லை. “சாரோட முடிவு நீ மாத்திரம்தானே கேட்டே? நீ சொல்லு. இல்லேன்னா அது உன்னோடயே போயிடும்” என்றார். பகவதியக்காவும் வந்தாள். அதே சாப்பாட்டு அறை. எல்லோரும் டப்பாவைத் திறக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோர்ட்டு வாசலில் நின்ற சோமனை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். சார் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன், அவர் குரலைத் தாழ்த்துகிற இடத்தில் தாழ்த்தினேன். நீதிபதி தும்மினார், அறையே சிரித்தது. கிழவி பஸ்ஸிலிருந்து இறங்கினாள், ஹெட் அக்கவுண்டண்ட் மேஜையைத் தட்டினார். கரமனைக்காரனின் சிரிப்பு நின்றது. தங்கம் திரும்பி வந்தாள். கைதட்டினார்கள். வெகு நேரம் தட்டினார்கள். இது அவருக்குச் சேர வேண்டிய கைதட்டல், அவர் இல்லாத நேரத்தில் வருகிறதே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எல்லோரும் போன பிறகு சந்திரிகா சேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

“நல்லா சொன்னே மோனே. ஆனா சார் இன்னைக்கு வந்து சொல்லியிருந்தா, நம்மள் கேக்காத்த ஏதாவது ஒரு புதுப் பொய் சேர்த்திருப்பார், அல்லே?”

நிச்சயம் சேர்த்திருப்பார். அது என்ன பொய்யாக இருந்திருக்கும் என்று நானும் இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை. அந்த ஒரு பொய்யை மட்டும் அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் போலிருக்கிறது.